ராஜாவுக்கு முன் யானை

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரச் சதுரங்க மன்றத்தில் எஞ்சியிருப்பவர்கள் கலிபெக், அவருக்கு எதிரே ஆடும், அவர் மகனுக்குப் பெண் கொடுக்கப்போகும் எர்காஷ், நடுவர் ஜூரா அக்கா. இந்தக் கடைசி லீக் ஆட்டத்தில் தோற்றால் கலிபெக்கின் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். ராஜாவை ஓரத்துக்கு ஒதுக்கி யானையைக் காவல் வைக்கும் கோட்டையைக் கட்டும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். கலிபெக்கின் விரலோ யானையைத் தொட்டுவிடுகிறது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். ஜன்னல் வெயிலில் அந்த விரல் அசையாமல் நிற்கிறது. கடிகாரம் டிக் டிக்கென்கிறது. என்ன செய்யப்போகிறார் என்று ஜூரா அக்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்க்கிறாள். "நான் ஒண்ணும் பாக்கல சம்பந்தி, கோட்டையைக் கட்டுங்க" என்று எர்காஷ் சிரிக்கிறார். "நான் பாத்தேனே. உங்ககிட்ட பொண்ணைத்தான் கேட்டேன், ஆட்டத்தை இல்ல" என்ற கலிபெக், யானையையே நகர்த்துகிறார். ராஜா காவலின்றி நடுவில் நிற்கிறது. சம்பந்திக்காக அவர் விட்டுக்கொடுத்தார் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றார்.