முதல் பால்

கர்ப்பத்தில் ஏறிய பிரஷர் வலிப்பில் கொண்டுபோய் விட்டது. அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தாய் மாடியில் நினைவில்லாமல் கிடந்தாள். கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவு குழந்தை. சப்பிக் குடிக்கக்கூடத் தெம்பில்லை.

வயிறு காலிதானா என்று பார்க்காமல் முதல் பால் விடுவது பெரிய நர்ஸின் ஜாதகத்திலேயே கிடையாது. குழந்தையின் மூக்கு வழியாக வயிற்றுக்குள் போன குழாயில் சிரிஞ்சை மாட்டி இழுத்தாள். வெதுவெதுப்பாக, மஞ்சளாக, சீம்பால் ஏறி வந்தது.

"யாருடி அதுக்குள்ள பால் குடுத்தது?"

"சத்தியமா யாரும் குடுக்கலக்கா," என்றாள் சின்ன நர்ஸ்.

பெரியவள் மாடிக்குப் போன் போட்டாள். "அந்தப் பொண்ணு எழுந்திருச்சாளா?"

"எங்கக்கா, கண்ணே தொறக்கல. பிரஷரும் இறங்க மாட்டேங்குது. ஆனா சட்டையில இடப்பக்கம் மட்டும் பால்ல நனைஞ்சிருக்கு."

பெரியவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். குழந்தை தலையை மறுபக்கம் திருப்பி, வாயைத் திறந்தபடி காத்திருந்தது.