சுத்தம் செய்யும் பொத்தான்

வெனிங்கை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் திரையில் தயாராக இருந்தது. மேலாளர் 'ஒப்புதல்' பொத்தானை ஒரு தட்டு தட்டினால் போதும், அவள் பாண்டுங் நகரில் மூட்டை கட்டி ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

தரவுத்தளங்களைப் பராமரிக்கும் அவர்கள் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு பிழை இருப்பதாக மூன்றாம் முறையும் எழுதிக் கொடுத்ததுதான் அவள் செய்த குற்றம். அந்த மென்பொருள் மேலாளர் எஸ். சுகிர்மனின் சொந்தக் கைவண்ணம்.

மேசை மேல் பித்தளைப் பெயர்ப் பலகை, சட்டைப் பையில் தங்க எழுத்து அட்டை. இரண்டிலும் அந்த 'எஸ்.' பளபளக்கும். அதன் விரிவு என்னவென்று கேட்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. எல்லாருக்கும் அவர் 'பாக்', அதாவது ஐயா.

"என்னம்மா உன் பிழை? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு" என்றார் சுகிர்மன்.

"அந்த 'சுத்தம் செய்' பட்டன்தான், பாக். நம்ம ஜாவா தீவுல நிறைய பேருக்கு ஒரே ஒரு பேர்தான். ரெண்டாவது பேர் போடலைன்னா நம்ம ஃபாரம் ஏத்துக்காது. அதனால அதே பேரையே ரெண்டு தடவை போடறாங்க. பட்டன் அதைத் தப்புன்னு நெனச்சு ஆளையே அழிச்சிடுது. ஒரு ஆஸ்பத்திரியில நாப்பது நோயாளிங்களைக் காணோம்."

சுகிர்மன் சிரித்தார். மதியம் அவர் வாங்கித் தரும் பத்தாகோர் பலகாரத்தை நினைத்து மற்ற மேசைகளும் சிரித்தன.

"வயக்காட்டுல பொறந்ததுங்க! புள்ளைக்கு ஒழுங்கா ரெண்டு பேர் வைக்கத் துப்பில்லை, அதுக்கு என் சாப்ட்வேர் வளைஞ்சு குடுக்கணுமா?"

"ரெண்டே வரி மாத்தினா போதும் பாக். எழுதியே வெச்சிருக்கேன்."

"நீ எனக்கு எழுதிக் குடுக்கறியா? இப்போ பாரு, நம்ம ஆபீஸ் லிஸ்டுலயே ஓட்டிக் காட்டறேன்."

வெனிங் பதறினாள். "வேண்டாம் பாக்! அது எல்லாரோட அடையாள அட்டையையும் பார்த்து அப்படியே ஏத்தின லிஸ்டு. நகல் எடுத்துட்டு..."

"நகல் எல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு." அசல் பட்டியலிலேயே பொத்தானைத் தட்டினார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் ஒன்று நீக்கப்பட்டதாகத் திரை சொன்னது. வெனிங், தன்னோடு சேர்த்து இன்னொருவர் பிழைப்பிலும் மண் விழுந்துவிட்டதே என்று நொந்துபோனாள்.

"யாருன்னு பாருங்க பாக், பாவம்."

"எவனா இருந்தா என்ன? பட்டிக்காடு ஒண்ணு ஒழிஞ்சுது, ஆபீஸ் சுத்தமாச்சு. அடுத்தது நீ."

கடிதத்தைத் திறந்து 'ஒப்புதல்' பொத்தானைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார். கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தார். திரையில் சிவப்பு எழுத்துகள்தான் வந்தன. மற்ற மேசைகளில் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன எழவு இது? என்னையே உள்ள விட மாட்டேங்குது! என்ன போட்டிருக்கு, படி!"

வெனிங் குனிந்து ஒரு முறை படித்தாள். நம்ப முடியாமல் இன்னொரு முறை படித்தாள். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"சுகிர்மன் சுகிர்மன்னு இங்க யாரும் வேலை பார்க்கலையாம், பாக்!"