பதினைந்து வருஷமாகத் திறக்காத தொட்டி

பதினைந்து வருஷமாகக் கழிவுத் தொட்டியின் மூடியைத் தொட்டதே இல்லை என்று வீட்டுக்காரர் மார்தட்டினார்.

அடுத்த மாதம் அவருக்கு ஆபீஸிலிருந்து ஓய்வு. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கவேண்டும். பார்க்க வந்த மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிவிட்டார்கள். இன்று வந்திருக்கும் இந்தப் பெண்ணையாவது விடக்கூடாது.

அவளோ தனியாக வரவில்லை. கழிவுத் தொட்டி இறைக்கும் லாரி வைத்திருக்கும் அண்ணனைக் கூட்டிவந்திருந்தாள். அவர் சரி என்றால்தான் வாங்குவாளாம்.

அதற்கெல்லாம் அசருகிற ஆளா இவர்?

கொல்லை முழுக்கக் காய்ந்து கிடக்க, ஒரு மூலையில் மட்டும் புல் கொழுகொழுவென்று நின்றது. மண்ணின் ராசி என்றார்.

சமையலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கக்கூஸ் களகளவென்று சத்தம் போட்டது. குழாயில் காற்று என்றார்.

நாற்றத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் கட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இவரிடம்தான் கற்றுக்கொள்ளவேண்டும்.

மனைவி பின்னாலேயே வந்தாள். வாங்க வந்தவளுக்கு முகம் வாடிவிட்டது.

தொட்டியைத் திறந்து பார்த்துவிடலாம் என்றார் லாரிக்காரர். மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. இங்கேதான் எங்கேயோ என்று கையை வீசினார்.

அதற்குள் லாரிக்காரர் ரோஜாச் சட்டியை நகர்த்தி, அடியிலிருந்த மூடியைக் கம்பியால் நெம்பிவிட்டார்.

பார்த்ததை ஒளிக்காமல் தங்கையிடம் சொன்னார். தண்ணீர் மண்ணில் இறங்குகிற உறிஞ்சுகுழி அடைத்துப்போயிருக்கிறது. புல், சத்தம், நாற்றம் எல்லாம் அதனால்தான். புதுக்குழி தோண்டியே ஆகவேண்டும். ஆனால் தொட்டியில் கசடு சேரவே விடவில்லை, கண்ணும் கருத்துமாகப் பார்த்திருக்கிறார்கள். குழியை மட்டும் சரிசெய்து கொடுத்தால் தாராளமாக வாங்கலாம்.

வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். குழியைத் தானே தோண்டித் தருவதாக அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டு, மகளுக்குப் போன் போட உள்ளே ஓடினார். தொடாமலே வைத்திருந்த தொட்டியின் பெருமை வாசல்வரை கேட்டது.

கொல்லைக் குழாயடியில் மனைவி, லாரிக்காரர் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். தங்கை தள்ளி நின்று புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, இனிமே சார் ஆபீஸ் கிளம்பிட்டாரான்னு உங்ககிட்ட கேட்டுட்டு வண்டி எடுக்க வேண்டியதில்ல."