அவசரக் கொள்வனவு

அருளம்பலம் சொன்னபடியே தாடியோடு வந்து அலுவலகத்து வாங்குப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பிரசாந்திக்குச் சிரிப்பு வந்தது. நாலு கிழமைப் பயிற்சிக்காக அவள் கொழும்புக்குப் போவதற்கு முதல் நாள், "வேலி வாற வரைக்கும் இனிச் சவரம் இல்லை, பிள்ளை" என்று இதே வாங்கில் இருந்துதான் அவர் சபதம் போட்டார். மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்த வனவிலங்கு அலுவலகத்தில் பிரசாந்திக்குக் கொள்வனவுப் பகுதி. அருளம்பலம் சம்பூர்ப் பக்கத்துக் கமக்காரர். ஊர் யானைவேலிச் சங்கத்தின் தலைவர். யானையைத் தடுக்கும் மின்வேலியின் பற்றறிகள் செத்து ஏழு மாதமாகியிருந்தது. அன்றிலிருந்து அவரும் மனைவியும் முறை வைத்து வயலில் காவல் இருந்தார்கள். திங்கட்கிழமைகளில் மட்டும் அவர் இரண்டு பஸ் மாறி வந்து, இந்த வாங்கில் காவல் இருந்தார்.

நாலு பற்றறி வாங்குவதற்கு மூன்று விலைமனு வேண்டும். இரண்டுதான் வந்தன. திரும்பவும் கேட்டார்கள், மூன்று வந்தன, ஒன்றில் முத்திரை இல்லை. மறுபடி கேட்டபோது வந்த ஒன்றும் ஒரு நாள் பிந்தி வந்து தள்ளுபடியானது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே அந்தப் பூசாரி தான்தான் என்பது பிரசாந்திக்கே தெரியும்.

"அவசரம் எண்டு போட்டு எடுக்கேலாதோ, பிள்ளை?" என்று அவர் அந்தக் கடைசித் திங்கட்கிழமை கேட்டார்.

"அவசரக் கொள்வனவுக்கு ஒரு விலைமனுவே காணும், ஐயா. ஆனா உயிர்ச்சேதம் எண்டால்தான் அதைத் தருவினம், பயிர்ச்சேதத்துக்குத் தரமாட்டினம். சட்டம் அப்பிடித்தான் கிடக்கு."

சொல்லிவிட்டாளே தவிர மனம் கேட்கவில்லை. அன்று பின்னேரம் எல்லோரும் போன பிறகும் இருந்து, இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினாள். அது அரசாங்கக் குறிப்பு மாதிரி இல்லை. கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி இருந்தது. அதை வேலிக் கோவையில் மற்றத் தாள்களோடு கோத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, விடியக் கொழும்பு பஸ் ஏறினாள்.

இன்று வந்து பார்த்தால் மேசையில் அந்தக் கோவை. மேல் தாளில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: "அவசரக் கொள்வனவாக அனுமதிக்கப்படுகிறது. இணைப்பு: ஒரு தாள்." ஏழு மாதம் அசையாத கல் மூன்று கிழமையில் நகர்ந்திருந்தது. பிரசாந்திக்குக் கண் கலங்கிவிட்டது. பதினொரு வருட உத்தியோகத்தில் தான் எழுதிய எழுத்து ஒன்று வேலை செய்ததை இன்றுதான் கண்டாள்.

"ரிஸ்னா, பாருமன்! என்ர குறிப்பை வாசிச்சிருக்கினம்!"

பக்கத்து மேசை ரிஸ்னா தலை நிமிரவில்லை. "அக்கா, கோவையை முழுக்கப் பாத்திட்டீங்களோ?"

"அது பிறகு பாப்பம். ஐயா எவ்வளவு நேரம் காத்துக்கொண்டிருக்கிறார்." அவள் வாங்கைப் பார்த்துக் கை காட்டினாள். "வாங்கோ ஐயா, இந்தக் கதிரையில இருங்கோ. வேலி கிடைச்சிட்டுது!"

"ஓம் பிள்ளை. கடிதம் வந்தது. அதுதான் வந்தனான்."

அவர் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. ஏழு மாதம் அலைய விட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வரும் என்று நினைத்தாள். வெட்கமாகவும் இருந்தது.

"என்னில கோவமோ, ஐயா?"

"சீச்சீ. உங்களில என்ன கோவம். நீங்களும் எத்தினை தரம் எழுதினனீங்கள்."

பொறுப்பேற்கும் படிவத்தை அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு, சொன்ன இடத்தில் எல்லாம் நிதானமாகக் கையெழுத்து வைத்தார்.

"வாற வியாழக்கிழமை காலமை லொறி ஊருக்கு வருகுது. சங்கத் தலைவர் நிண்டு பற்றறியைப் பாரம் எடுக்கவேணும். தலைவர் இல்லையெண்டால் லொறியைத் திருப்பிப் போடுவினம். பிறகு எல்லாம் முதல்ல இருந்து."

அருளம்பலம் பேனாவை வைத்தார். வெளியே துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது.

"உபதலைவர் நிண்டால் காணாதோ?"

"ஏலாது ஐயா. உங்கட பேரிலதான் கடிதம்."

"வெள்ளிக்கிழமைக்கு மாத்தேலாதோ?"

பிரசாந்தி சிரித்துவிட்டாள். "ஏழு மாதமா அவசரம் அவசரம் எண்டு நிண்டனீங்கள். இப்ப நாங்கள் அவசரப்பட, நீங்கள் ஒரு நாள் பிந்தச் சொல்லுறியள். அப்பிடி என்ன வேலை, ஐயா, வியாழக்கிழமை?"

ரிஸ்னா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனாள்.

அருளம்பலம் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"என்ர மனுசியின்ர முப்பத்தோராம் நாள் கிரியை, பிள்ளை."