எல்லைக்கோட்டில் சிவப்புச் சேலை

“இன்னைக்கும் எடது பக்கம் இழுத்துச்சுன்னா இந்தக் குதிரைய வித்துருவேன்,” என்றான் சுருளிராஜன், விடியற்காலையில் வீட்டுக் கொட்டிலில் குதிரைக்குத் தீனி வைத்தபடி. காமயகவுண்டன்பட்டிப் பந்தயத்தில் மூன்று வருடமாக அவனுக்குத் தோல்விதான்.

மனைவி முனீஸ்வரி சிரித்தாள். “குதிர இழுக்கல. கூட்டத்துல நான் எங்கன நிக்கிறேன்னு நீங்கதான் திரும்பித் தேடுறீக. ஒங்க நெஞ்சு எங்கிட்டுத் திரும்புதோ, அதுவும் அங்கிட்டுத்தான் போகும்.”

“ஒன்னையத் தேடாம வேற யாரத் தேடுறது?”

“எல்லைக்கோட்டுல செவப்புச் சேல தெரியும். அத மட்டும் பாருங்க.”

மதியம் பந்தயத் திடலில் கொடி அசைந்தது. தூரத்தில் சிவப்புச் சேலை. குதிரை மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளைத் திருப்பாமல் அதையே பார்த்தான். குதிரை நூல் பிடித்தாற்போல் நேராகப் பறந்து, முதலாவதாக எல்லையைத் தாண்டியது.

“ஜெயிச்சுட்டேன் முனீசு!”

குதித்து இறங்கி ஓடியவன் திகைத்து நின்றான். மூங்கில் கம்பில் சேலை மட்டும்தான் பறந்துகொண்டிருந்தது.

வழக்கம்போல் இடது பக்கக் கூட்டத்திலிருந்து, பச்சைச் சேலையில் நிதானமாக வந்தாள் முனீஸ்வரி.

“நான் நின்னா அங்கிட்டும் இங்கிட்டும் நகருவேன், நீங்களும் கூடவே திரும்புவீக. கம்பு நகராதுல்ல?”