மணிமுத்தாற்றுச் சேறு

"ஐயோ, கழுவாதீங்கக்கா! அந்தச் சேத்தத் தொடாதீங்க!"

கொட்டகையிலிருந்து ஓடி வந்தான் ஜஸ்டின். தண்ணீர்க் குழாயோடு நின்ற திரௌபதி, ஜீப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மலைக்குப் போற வண்டி, கழுவி வைங்கன்னு நேத்து நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அடிப்பக்கம் மட்டும்தான்க்கா. அடியில அழுக்கு இருந்தா ஆயில் கசியுறதும் தெரியாது, நட்டு லூசானதும் தெரியாது. மேல இருக்கற சேறு அப்படியே இருக்கட்டும்."

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஜஸ்டினுக்குச் சின்னதாக ஒரு பொம்மைக் கம்பெனி இருந்தது. அச்சில் ஊற்றும் களிமண் கூழைக் கரைப்பது திரௌபதியின் வேலை. பதினெட்டு வருடமாக அவள் கை மண்ணிலேயே இருக்கிறது.

ஜஸ்டின் அந்தப் பழைய ராணுவ ஜீப்பை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக உட்கார்ந்து அதைப் பற்றிப் படித்திருந்தான். சேற்றில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். குறைத்தால் டயர் ஒட்டகத்தின் பாதம் போல அகலமாகப் பதியும், புதையாது. இழுவைக் கயிற்றை பம்பரில் மாட்டினால் பம்பர்தான் கையோடு வரும். அடிச்சட்டத்தில் மாட்ட வேண்டும். எல்லாம் அவனுக்குத் தெரியும்.

கடலூர் ஜீப் குழு ஒன்று இன்று கல்வராயன் மலையின் காட்டுப் பாதைக்குப் புறப்படுகிறது. எட்டு வண்டிகள் வேப்பூரில் காத்திருக்கும். அதற்கு முன் குழுத் தலைவர் பாலகிருஷ்ணன் பத்து மணிக்கு இங்கே வந்து ஜீப்பைப் பார்ப்பார். சேற்றில் ஓட்டிப் பழகாதவர்கள் சொந்த வண்டியைக் கொண்டு வரக்கூடாது என்பது குழுவின் விதி.

திரௌபதி குனிந்து கதவோரத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது எந்த ஊரு சேறு சார்?"

"மணிமுத்தாத்துச் சேறு. போன வாரம் ஆத்தக் கடந்தேன்ல?"

"சேறு ஆத்துச் சேறுதான். வண்டிதான் ஆத்துல எறங்கல."

ஜஸ்டின் கதவை மறைத்தபடி நின்றான். "எப்படிச் சொல்றீங்க?"

"சக்கரம் சுத்துறப்ப சேறு மொதல்ல எங்க அடிக்கும்? மட்கார்டு உள்பக்கம். அங்க ஒரு பொட்டு இல்ல. அடியில கழுவச் சொன்னீங்களே, அங்க என்ன இருக்குது? சர்ச்சுக்குப் போயிட்டு வந்த புழுதிதான். அப்புறம், ஓடுற வண்டியில தெறிச்ச சேத்துக்கு வாலு இருக்கும். முன்னால தலை, பின்னால வாலு, தலைப்பிரட்டை கணக்கா. இதுல வாலு எங்க? அஞ்சு வெரலுதான் இருக்குது. வரட்டி தட்டியிருக்கீங்க சார்."

ஜஸ்டின் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு தடவ கூட தார் ரோட்ட வுட்டு எறக்குனதில்லக்கா. எறக்குனா ஏறுமான்னு பயம்."

"இந்தப் பயத்த வச்சிக்கிட்டா மலைக்குப் போறீங்க?"

"தனியாப் போவத்தான் பயம். முன்னால பாலகிருஷ்ணன் சார் போறாரு. இருவது வருசமா காட்டுல ஓட்டுறவராம். அவரு டயர் தடத்துலயே வுட்டு எடுத்துட்டா போதும். மூணு வருசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

திரௌபதி குழாயைத் திறந்தாள். கதவில் இருந்த விரல்கள் எல்லாம் கரைந்து ஓடின.

"அக்கா!"

"இருங்க சார். பாக்கச் சகிக்கல. நான் செஞ்சு தரேன்."

கதவில் பூச ஜஸ்டின் அள்ளி வந்ததில் மிச்சமிருந்த ஆற்று மண்ணைக் கூழாகக் கரைத்தாள். பொம்மை மாட்டுக்குப் புள்ளி தெளிப்பது போல, தென்னந்துடைப்பத்தை முக்கி, முன்சக்கரத்தின் பக்கம் நின்று பின்னோக்கி உதறினாள். மட்கார்டின் உள்பக்கத்துக்கு இரண்டு மடங்கு. ஒவ்வொரு துளியும் தலையும் வாலுமாக ஒட்டிக்கொண்டது. காலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்து வெளுத்தது.

பத்து மணிக்கு பாலகிருஷ்ணன் நடந்தே வந்தார். தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், பெரிய மீசை.

"வண்டியத் தெருமுனையில வுட்டுட்டேன். இங்க திருப்ப எடம் பத்தாது" என்றபடி ஜீப்பின் அடியில் குனிந்தார். நட்டுகளை ஆட்டிப் பார்த்தார். கயிறு மாட்டியிருந்த இடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். மட்கார்டுக்குள் எட்டிப் பார்த்தார். வால்களின் மேல் விரலை ஓட்டினார்.

பிறகு ஒரு துண்டைச் சுரண்டி எடுத்து, கட்டைவிரலால் தேய்த்தார்.

"மணிமுத்தாறா?"

"ஆமாங்க சார்."

"ஆத்துச் சேத்துல கல்லு இருக்கும், புல்லு இருக்கும். இது என்ன, மைதா மாவாட்டம் இருக்குது?"

திரௌபதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அச்சில் ஊற்றும் மண்ணில் ஒரு சின்னக் கல் இருந்தாலும் சூளையில் பொம்மை வெடித்துவிடும். அந்தப் பழக்கத்தில் இதையும் இரண்டு தடவை சலித்துவிட்டாள். சல்லடை இன்னும் வாளியின் மேலேயே கிடந்தது. பாலகிருஷ்ணனின் பார்வை அங்கே போய் நின்றது.

"சார்... அது வந்து..." என்று இழுத்தான் ஜஸ்டின். மூன்று வருடக் காத்திருப்பும் அந்தச் சல்லடையில் வந்து மாட்டிக்கொண்டது.

பாலகிருஷ்ணன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரௌபதியின் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தெருமுனையில என் வண்டி, ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி பளபளன்னு நிக்குதும்மா. வேப்பூர்ல எட்டு பேரு என் பின்னால வர நிக்கிறாங்க. இன்னொரு வாளி கரைங்க... எனக்குச் சலிக்க வேணாம்."