வியாழக்கிழமை வலைகள்

"முப்பத்தொரு வலை! ரகுபதி அண்ணா, இந்தத் துளியூண்டு இடத்துல இது ரொம்ப அநியாயம்!"

ஸஹானா நோட்டை மூடினாள். அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் எத்தனை பேர் வலை வீசுகிறார்கள், எவ்வளவு மீன் கிடைக்கிறது என்று கணக்கெடுப்பது அவள் வேலை. ஆறு மாதமாக வியாழன்தோறும் காலை ஏழு மணிக்கு மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிடுவாள்.

போன மாதம் பதினொன்று. போன வாரம் இருபது. இன்றைக்கு முப்பத்தொன்று! கிடைத்த மீனோ, அத்தனை வலைக்கும் சேர்த்து அரைக் கூடை தேறாது. ஆற்றை ஒட்டச் சுரண்டிவிட்டார்கள், வேறென்ன?

"ஒருத்தர் வுடாம எழுதிக்கோ கண்ணு," என்றார் ரகுபதி. ஐம்பது வயதிருக்கும். குப்பத்தின் சார்பில் அவளிடம் பேசுவது எப்போதும் அவர்தான்.

"எழுதினா உங்களுக்குத்தான் ஆபத்து. சனிக்கிழமை மீன்வளத் துறைக்கு அறிக்கை போகுது. இவ்வளவு வலை, இவ்வளவு குறைச்சலா மீன்னு பார்த்தா, ரெண்டு வருஷம் இங்க யாரும் மீனே பிடிக்கக் கூடாதுன்னு தடை போட்டுடுவாங்க."

ரகுபதியின் கையிலிருந்து வலை நழுவியது. "தடையா? இன்னா கண்ணு சொல்றே?"

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை குடும்பத்தின் சோற்றில் நாம்தான் மண்ணைப் போடப்போகிறோமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

ரகுபதி நழுவிய வலையைச் சுருட்டி எடுத்தார். பிறகு, "நாளைக்கு வந்து எண்ணு," என்றார். "மூணு வலைதான் இருக்கும்."

"ஒரே நாள்ல எப்படிண்ணா குறையும்?"

"அதோ, மதிவாணன். தேனாம்பேட்டைல ஆட்டோ ஓட்றான். அந்தாண்ட நிக்கிறவரு மந்தவெளில இஸ்திரி போட்றாரு. மீன் புடிக்கிற குடும்பத்த மட்டும் இங்கியே வுட்டுட்டு, மத்தவங்கள ஊருக்கு வெளில அனுப்பப் போறாங்கன்னு ஒரு பேச்சு. நீ எண்றது அதுக்குத்தான்னு நெனச்சிக்கினு, ஆளுக்கொரு பழைய வலைய வாங்கிட்டோம்."

"கடவுளே! வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே!"

"இப்பதானே தெரியுது. எங்கள எங்க வேணா அனுப்பட்டும் கண்ணு. நெசமா மீன் புடிச்சித் துன்றது மூணே குடும்பம். எங்களால அதுங்க வாயில மண்ணு வுழக் கூடாது."

ஸஹானா நோட்டைத் திறந்து பக்கங்களைப் புரட்டினாள். ஆறு மாத உழைப்பு!

"அப்ப நீங்களும் மீனவர் இல்லையா?"

"நானு டி.நகர் ஜவுளிக்கடைல வாட்ச்மேன்."

"சரி, அந்த மூணு பேர் யாரு? கூப்பிடுங்க, அவங்ககிட்டயாவது பேசறேன்."

"இங்க ஏது கண்ணு அவங்க?" ரகுபதி தலையைச் சொறிந்தார். "நாங்க வீசத் தெரியாம தண்ணியக் கலக்கி, கீற மீனயெல்லாம் வெரட்டி வுட்டுட்றோம்னு, வியாழக்கிழமைன்னா அவங்க லீவு வுட்டுட்றாங்க!"